பியெஷ்தியானி 1987: பாதியில் கைவிடப்பட்ட ஐஸ் ஹாக்கி ஆட்டமும் தண்டனைகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1987 ஜனவரி 4 அன்று, அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பியெஷ்தியானி நகரில் கனடாவும் சோவியத் ஒன்றியமும் மோதிய உலக இளையோர் ஐஸ் ஹாக்கி ஆட்டம், இரு அணியினரும் கூட்டமாகக் கைகலப்பில் இறங்கியதால் பாதியிலேயே கைவிடப்பட்டது. சில மணி நேரத்துக்குள் இரு அணிகளும் போட்டித் தொடரிலிருந்தே நீக்கப்பட்டன. அந்த ஆட்டத்தையும் அதன் ஒழுங்கு நடவடிக்கைகளையும் பற்றி வாசகர்கள் பொதுவாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கப்படுகிறது.

அது எத்தகைய போட்டித் தொடர்?

20 வயதுக்குட்பட்ட ஆட்டக்காரர்களுக்காகப் பன்னாட்டு ஐஸ் ஹாக்கி கூட்டமைப்பு ஆண்டுதோறும் நடத்தும் உலக இளையோர் சாம்பியன்ஷிப் அது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அளவில் தொடங்கிப் புத்தாண்டின் முதல் நாள்களில் முடிவடைவது இதன் வழக்கம். 1987-இல் எட்டு நாடுகள் பங்கேற்றன: பின்லாந்து, செக்கோஸ்லோவாக்கியா, சுவீடன், அமெரிக்கா, போலந்து, சுவிட்சர்லாந்து, கனடா, சோவியத் ஒன்றியம். அரையிறுதியும் இறுதியாட்டமும் அப்போது கிடையாது. எட்டு அணிகளும் ஒன்றோடொன்று ஒரு முறை மோதும். ஏழு ஆட்டங்களின் முடிவில் புள்ளிப் பட்டியலில் முதலில் நிற்கும் அணிக்குத் தங்கம். வெற்றிக்கு 2 புள்ளி, சமனுக்கு 1 புள்ளி. பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்திருப்பது அவசியம்.

ஆட்டம் தொடங்கும்போது கனடாவின் நிலை என்ன?

ஆறு ஆட்டங்களில் நான்கு வெற்றி, பின்லாந்துடன் ஒரு சமன், செக்கோஸ்லோவாக்கியாவிடம் ஒரு தோல்வி என்று கனடா 9 புள்ளிகள் பெற்றிருந்தது. பின்லாந்து 11 புள்ளிகளுடன் தன் ஆட்டங்களை முடித்துக்கொண்டது. ஆகவே கனடா வென்றால் இரு அணிகளுக்கும் சமமான புள்ளிகள் வரும். அவை இரண்டும் தங்களுக்குள் சமன் செய்திருந்ததால், கோல் வித்தியாசமே தங்கத்தை முடிவு செய்யும். கிரிக்கெட்டில் நிகர ரன் விகிதத்தைக் கணக்கிட்டுக்கொண்டு கடைசி ஆட்டத்துக்கு இறங்கும் அணியைப் போலத்தான் கனடா அன்று இறங்கியது. ஐந்து கோல் வித்தியாசத்தில் வென்றால் தங்கம். அதற்குக் குறைவான வித்தியாசத்தில் வென்றால் வெள்ளி. தோற்றாலும் வெண்கலம் உறுதி. கையில் ஒரு பதக்கத்தை ஏற்கெனவே வைத்துக்கொண்டு, அதைத் தங்கமாக மாற்றும் நோக்கத்துடன் விளையாடிய அணி அது.

சோவியத் அணியின் நிலை?

அந்த அணிக்குப் பதக்க வாய்ப்பு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. முந்தைய ஆண்டு கனடாவின் ஹாமில்டனில் தங்கம் வென்ற நாடு, இந்த முறை ஆறு ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்றிருந்தது. செர்கேய் ஃபெதோரோவ், அலெக்சாந்தர் மொகில்னி, விளாதிமிர் கோன்ஸ்தாந்தினோவ் போன்று பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றவர்கள் அந்த அணியில் இருந்தும், அந்தத் தொடர் அதற்குக் கைகூடவில்லை. கடைசி ஆட்டத்தில் வென்றாலும் தோற்றாலும் அதற்கு ஏதும் மாறப்போவதில்லை. இழக்க எதுவுமில்லாத அணியும் இழக்க நிறைய உள்ள அணியும் தொடரின் கடைசி நாளில் நேருக்கு நேர் நின்றன.

ஐஸ் ஹாக்கியில் சண்டை சகஜம்தானே? பிறகு ஏன் இது இவ்வளவு பெரிய விவகாரமானது?

இந்தக் கேள்வியில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில், இரண்டு ஆட்டக்காரர்கள் கையுறைகளை உதறிவிட்டுக் குத்துச்சண்டையில் இறங்கினால் இருவரும் ஐந்து நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டு மீண்டும் ஆடலாம். பன்னாட்டுப் போட்டிகளில் அந்தச் சலுகை கிடையாது. கைகலப்பில் ஈடுபட்டவர் ஆட்டத்திலிருந்தே வெளியேற்றப்படுவார். கனடிய இளைஞர்கள் வளர்ந்தது முதல் வகைப் பழக்கத்தில்; அன்று அவர்கள் ஆடியது இரண்டாவது வகை விதியின் கீழ்.

ஆனால் இரண்டு பேர் அடித்துக்கொள்வதும் ஓர் அணி முழுவதும் இருக்கையை விட்டுக் களத்தில் குதிப்பதும் ஒன்றல்ல. ஐஸ் ஹாக்கியில் ஒரு நேரத்தில் ஓர் அணிக்குக் கோல்காப்பாளரோடு சேர்த்து ஆறு பேர்தான் பனித்தளத்தில் இருப்பார்கள். மற்றவர்கள் வெளியே வரிசையாக உட்கார்ந்து தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். அந்த இருக்கையிலிருந்து சண்டைக்காக எழுந்து வருவது, எந்த நாட்டு ஹாக்கியிலும் மிகக் கடுமையான ஒழுங்குமீறலாகவே கருதப்படுகிறது. காரணம் எளிது. களத்தில் உள்ளவர்களை விலக்கி நிறுத்த மூன்று நடுவர்களால் முடியும். இரண்டு அணிகளும் முழுவதுமாக இறங்கிவிட்டால் எவராலும் முடியாது. பியெஷ்தியானியில் அதுதான் நடந்தது.

ஆட்டம் தொடக்கத்திலிருந்தே முரட்டுத்தனமாக இருந்ததா?

ஆம். முதல் வட்டு வீச்சின்போதே முழங்கை இடியும் தள்ளுமுள்ளும் தொடங்கிவிட்டன. மட்டையால் அடிப்பது, பக்கச்சுவரில் மோதித் தள்ளுவது, விசில் ஊதிய பிறகும் முட்டிக்கொள்வது என முதல் காலப்பகுதி (ஆட்டத்தின் மூன்று 20 நிமிடப் பகுதிகளில் முதலாவது) முழுவதும் அப்படியே சென்றது. இவற்றில் பலவற்றுக்குத் தண்டனையே தரப்படவில்லை.

கனடாவின் முதல் கோலை அடித்தவர் தியோரன் ஃப்ளூரி. வயது 18, உயரம் ஏறத்தாழ 168 செ.மீ.; ஐஸ் ஹாக்கி அளவுகோலில் மிகச் சிறிய உருவம். கோல் அடித்ததும் அவர் பனியில் சறுக்கிச் சென்று, மட்டையை இயந்திரத் துப்பாக்கி போலப் பிடித்து, சோவியத் ஆட்டக்காரர்கள் அமர்ந்திருந்த திசையை நோக்கிச் சுடுவது போல் காட்டினார். பனிப்போர்க் காலத்தில், சோவியத் தலைமையிலான வார்சா உடன்படிக்கை ராணுவக் கூட்டணியின் நாடு ஒன்றின் அரங்கில் அது வெறும் குறும்பாகப் பார்க்கப்படவில்லை. ஆயினும் அந்தச் சைகையைப் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணமாகக் காட்டுவது மிகை என்றே கருதுகிறேன். அதற்குப் பிறகும் ஒரு காலப்பகுதிக்கு மேல் ஆட்டம் நடந்தது. அதைத் தணிக்கப் போதுமான வாய்ப்புகள் இருந்தன.

பெருஞ்சண்டை எப்படி மூண்டது?

இரண்டாம் காலப்பகுதி முடிய 6 நிமிடம் 7 விநாடி இருந்தது. கனடா 4–2 என்று முன்னிலையில் இருந்தது. கனடாவின் எவரெட் சானிபாஸும் சோவியத்தின் செர்கேய் ஷெஸ்தெரிகோவும் மோதிக்கொண்டு சண்டையில் இறங்கினார்கள். அருகில் பாவெல் கோஸ்திச்கின் இரு கைகளாலும் மட்டையைப் பிடித்து ஃப்ளூரியை அடித்தார்; அவர்கள் இருவரும் கட்டிப் புரண்டார்கள். களத்தில் இருந்த மற்றவர்களும் ஆளுக்கொருவரைப் பிடித்துக்கொண்டார்கள். இதுவரை நடந்தது, மோசமானதாயினும், ஒரு நடுவர் குழு கையாளக்கூடிய அளவுதான்.

அப்போதுதான் சோவியத் இருக்கையிலிருந்து யெவ்கெனி தவிதோவ் எழுந்து களத்துக்குள் பாய்ந்தார். அவரைத் தொடர்ந்து அவருடைய அணியினரும், அதைக் கண்டு கனடிய அணியினரும் இறங்கினார்கள். அந்த ஒரு கணத்தில்தான் கைகலப்பு கலவரமாக மாறியது. ஓர் ஓரத்தில் மைக் கீனும் வலேரி ஸெலெபுகினும் நெடுநேரம் ஒருவரையொருவர் குத்திக்கொண்டிருந்தார்கள். கோன்ஸ்தாந்தினோவ் தலையால் முட்டியதில் கனடாவின் கிரெக் ஹாகுட்டின் மூக்கு உடைந்தது. வேறோர் இடத்தில் ஸ்டெஃபான் ராய் என்ற கனடியரை இரண்டு சோவியத் ஆட்டக்காரர்கள் சேர்ந்து தாக்கினார்கள். கையுறைகளும் மட்டைகளும் தலைக்கவசங்களும் பனித்தளம் எங்கும் இறைந்து கிடந்தன. அரங்கில் இருந்தவர்கள் விசிலடித்துத் தங்கள் வெறுப்பைக் காட்டினார்கள்.

விளக்குகளை அணைத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. நிலைமை கைமீறிப் போய்விட்டதை உணர்ந்த நடுவர்கள் களத்தை விட்டே வெளியேறினார்கள். அதன் பிறகு அரங்கின் விளக்குகள் அணைக்கப்பட்டன. இருட்டிலும் சண்டை உடனே ஓயவில்லை. ஏறத்தாழ 20 நிமிடம் நீடித்த அந்தக் கைகலப்பு, இரு தரப்பினரும் களைத்த பிறகே அடங்கியது. ஆட்டம் மீண்டும் தொடங்கவில்லை.

விளக்கை அணைத்ததை ஒரு சுவையான செய்தியாகவே பலரும் நினைவுகூர்கிறார்கள். எதிரே வருபவர் யாரென்றே தெரியாத இருளில், காலில் கூரிய சறுக்குக் கத்திகளை அணிந்த ஏறத்தாழ நாற்பது இளைஞர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான காயம் எவருக்கும் ஏற்படாமல் போனது நற்பேறு.

நடுவர் மீது ஏன் இவ்வளவு பழி சுமத்தப்படுகிறது?

ஆட்டத்தை நடத்தியவர் நார்வேயின் ஹான்ஸ் ரோன்னிங். இரு தரப்பையும் சேராத நாட்டவர் என்ற வகையில் அவருடைய நியமனத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் இத்தகைய கடும்பகை நிறைந்த ஆட்டத்தை நடத்துவதற்கான பன்னாட்டு அனுபவம் அவருக்குக் குறைவாக இருந்தது. தொடக்கத்திலேயே கடுமையான தண்டனைகளை வழங்கிப் பிடியை இறுக்கியிருந்தால், ஆட்டக்காரர்கள் தாங்களே நீதி வழங்க முற்பட்டிருக்க மாட்டார்கள் என்பது அன்று முதல் சொல்லப்பட்டுவரும் விமர்சனம். அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் குறையை அவர் ஒருவர் தலையில் மட்டும் சுமத்திவிட்டு நகர்ந்துவிட முடியாது. கனடா–சோவியத் ஆட்டம் எப்படிப்பட்டது என்பது 1972-இல் நடந்த எட்டு ஆட்டத் தொடரிலிருந்து உலகம் முழுவதும் அறிந்த செய்தி. தொடரின் கடைசி நாளில், பதக்கம் தொங்கலில் இருக்கும் அந்த ஆட்டத்துக்கு அவரை அமர்த்தியது போட்டியை நடத்திய அமைப்பு. அன்றிரவு இரு அணிகளையும் விசாரித்துத் தண்டித்ததும் அதே அமைப்புதான்.

சண்டையில் இறங்காதவர்கள் யாராவது இருந்தார்களா?

இருந்தார்கள். கனடிய அணியில் கோல்காப்பாளர் ஜிம்மி வெய்ட், ஸ்டீவ் நெமெத், பியர் டர்ஜோன் ஆகிய மூவரும் சண்டையிடவில்லை. ஆட்டம் தொடர்ந்தால் கோல்காப்பாளர் வேண்டும் என்ற எண்ணத்தில் வெய்ட் ஒதுங்கி நின்றார். டர்ஜோனுக்கு அப்போது வயது 17. தன் அணி முழுவதும் களத்தில் அடித்துக்கொண்டிருந்தபோது அவர் இருக்கையை விட்டு எழவில்லை. அதற்காகச் சக ஆட்டக்காரர்கள் சிலருடைய கோபத்தை அவர் நெடுங்காலம் சுமக்க நேர்ந்தது.

இதை எழுதும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. விதியின்படி சரியாக நடந்துகொண்டவர் அந்த 17 வயது இளைஞர். அவரும் தம் பதக்கத்தை இழந்தார்; கூடவே, ஏதோ துரோகம் செய்துவிட்டவர் போலவும் பார்க்கப்பட்டார்.

அன்றிரவு கூட்டமைப்பு என்ன முடிவெடுத்தது?

கூட்டமைப்பின் தலைவர் குந்தர் சபெட்ஸ்கியின் தலைமையில் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. பங்கேற்ற எட்டு நாடுகளின் பிரதிநிதிகளும் வாக்களித்தார்கள். இரு அணிகளையும் தொடரிலிருந்து நீக்குவது என்று 7–1 என்ற வாக்கில் முடிவானது. எதிர்த்து வாக்களித்த ஒரே ஒருவர் கனடாவின் பிரதிநிதி டென்னிஸ் மெக்டொனால்ட். சோவியத் பிரதிநிதி நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்.

கனடிய அணி பதக்கம் இன்றி, அன்றிரவே ஆயுதமேந்திய காவலர்களின் பாதுகாப்புடன் நாட்டை விட்டு வெளியேற்றப்பட்டது.

பதக்கங்கள் யாருக்குக் கிடைத்தன?

பின்லாந்துக்குத் தங்கம், இந்தத் தொடரில் அந்த நாடு பெற்ற முதல் தங்கம் அது. செக்கோஸ்லோவாக்கியாவுக்கு வெள்ளி, சுவீடனுக்கு வெண்கலம். பின்லாந்து இளைஞர்களின் சாதனை இந்தச் சண்டையின் நிழலில் மறைந்துபோனது. தோற்றது ஒரே ஓர் ஆட்டத்தில் மட்டுமே என்ற நிலையில் பட்டியலின் உச்சியில் நின்ற அணி அது. அந்தத் தங்கத்தை யாரோ தட்டில் வைத்துக் கொடுத்ததாகப் பேசுவது முறையன்று.

இரு அணிகளையும் சமமாகத் தண்டித்ததில் என்ன தவறு?

நீக்கம் தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. இருக்கையை விட்டு இரு அணியினருமே இறங்கினார்கள். “அவர்கள் முதலில் வந்தார்கள்” என்பது கனடிய அணியின் பொறுப்பைக் குறைக்கலாம், இல்லாமல் ஆக்கிவிடாது. தன் அணியினர் தங்களைவிடக் கூடுதலான எண்ணிக்கையில் இறங்கிவிட்ட எதிரணியிடம் அடிவாங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியுமா என்ற கேள்வியின் உணர்ச்சி எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டால் விதி என்று ஒன்று இருக்கத் தேவையே இல்லை.

குறை வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. முதலாவது, தண்டனை காகிதத்தில்தான் சமமாக இருந்தது. சோவியத் அணிக்கு இழக்கப் பதக்கம் ஏதும் இல்லை. கனடாவுக்கு உறுதியான ஒரு பதக்கமும், தங்கத்துக்கான வாய்ப்பும் ஒரே வாக்கெடுப்பில் போயின. சோவியத் பிரதிநிதி ஆதரவாகக் கை தூக்குவதில் எந்தச் சிரமமும் இருந்திருக்காது.

அடுத்தது இன்னும் அடிப்படையானது. அந்த அறையில் வாக்களித்தவர்கள் யார்? கனடா நீக்கப்பட்டால் பதக்கம் பெறப்போகும் நாடுகளின் பிரதிநிதிகளும் அவர்களில் அடக்கம். அவர்கள் மனச்சாட்சிக்கு விரோதமாக வாக்களித்தார்கள் என்று சொல்ல எனக்கு ஆதாரமும் இல்லை, எண்ணமும் இல்லை. அந்தக் காட்சியைக் கண்டுவிட்டு வந்த எவரும் நீக்கத்துக்கு வாக்களித்திருக்கக்கூடும். ஆனால் தீர்ப்பால் ஆதாயம் அடையப்போகிறவர் தீர்ப்பாளராக உட்காரக் கூடாது என்ற நெறி, விளையாட்டுக்கு மட்டும் விலக்கல்ல. முடிவு சரியாகவே இருந்தாலும் அதை எடுத்த விதம், இன்றுவரை அதன் மேல் ஐயத்தை மிச்சம் வைத்திருக்கிறது.

மூன்றாவதாக, யார் என்ன செய்தார்கள் என்று தனித்தனியாக ஆராயப்படவில்லை. ஆட்டம் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்தது; விளக்கு அணையும்வரை நடந்தவற்றுக்கு ஒளிப்பதிவு இருந்தது. இருக்கையை விட்டு முதலில் எழுந்தவர், தலையால் முட்டி மூக்கை உடைத்தவர், பிடித்து விலக்க முயன்றவர், எழாமலே இருந்தவர் எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளந்த முடிவு அது. மிக முக்கியமான கேள்வி ‘முதலில் இருக்கையை விட்டு இறங்கியவர் யார்’ என்பது. அந்தக் கேள்வி தண்டனையில் எந்த இடமும் பெறவில்லை.

அதன் பிறகு தனிநபர் தடைகள் விதிக்கப்பட்டன அல்லவா?

ஆம். சண்டையில் ஈடுபட்ட ஆட்டக்காரர்கள் பன்னாட்டுப் போட்டிகளில் 18 மாதம் விளையாடத் தடை விதிக்கப்பட்டது. பயிற்சியாளர்களுக்கு 3 ஆண்டுத் தடை. கனடாவின் தலைமைப் பயிற்சியாளர் பெர்ட் டெம்பிள்டன். சோவியத் அணியின் பயிற்சியாளர் விளாதிமிர் வசீலியெவ். மேல்முறையீட்டில் ஆட்டக்காரர்களின் தடை 6 மாதமாகக் குறைக்கப்பட்டது. தடை பன்னாட்டு ஆட்டங்களுக்கு மட்டுமே என்பதால் அவர்கள் தத்தம் நாட்டு அணிகளுக்கு ஆடுவதில் இடையூறு ஏற்படவில்லை.

இதிலும் ‘18 மாதம்’ என்பது முதலாவதாக இறங்கியவருக்கும் கடைசியாக இறங்கியவருக்கும் பொதுவாகவே இருந்தது. தடைக்காலத்தைக் குறைத்தது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். 17, 18 வயதில் ஒன்றரை ஆண்டு என்பது, இளையோர் பிரிவில் ஆடும் வாய்ப்பையே முற்றிலுமாக முடித்துவிடக்கூடியது. ஆட்டக்காரர்களைக் காட்டிலும் பயிற்சியாளர்களுக்குக் கூடுதல் காலம் விதித்ததும் பொருத்தமானது. இருக்கையில் உள்ளவர்களை இருக்கையிலேயே நிறுத்துவது முதன்மையாக அவர்களுடைய கடமை.

கனடாவில் எப்படி எடுத்துக்கொண்டார்கள்?

நாடு இரண்டாகப் பிரிந்தது என்று சொல்லலாம். ஆட்டத்தை ஒளிபரப்பிய சி.பி.சி. தொலைக்காட்சியின் அரங்கிலேயே அந்தப் பிரிவு வெளிப்பட்டது. தொகுப்பாளர் பிரையன் வில்லியம்ஸ் கனடிய அணியின் நடத்தையைக் கடுமையாகக் கண்டித்தார். அவர் அருகிலேயே இருந்த முன்னாள் பயிற்சியாளர் டான் செர்ரி இளைஞர்களை முழு மூச்சாக ஆதரித்தார். ஒரு தரப்புக்கு அது தேசிய அவமானம். மற்றொரு தரப்புக்கு, தோழனைக் காக்க இறங்கிய இளைஞர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி. டொரன்டோ மேப்பிள் லீப்ஸ் அணியின் உரிமையாளர் ஹாரல்ட் பல்லார்ட் ஒரு படி மேலே சென்று, அந்த ஆட்டக்காரர்களுக்குத் தாமே தங்கப் பதக்கங்கள் செய்து கொடுத்தார்.

பல்லார்டின் செயலை அன்பின் வெளிப்பாடாகப் பார்ப்பவர்கள் உண்டு. என் பார்வையில் அது அந்த இளைஞர்களுக்கு நன்மை செய்யவில்லை. ஆட்டம் நின்றபோது ஸ்கோர் 4–2; தங்கத்துக்குத் தேவைப்பட்டது ஐந்து கோல் வித்தியாசம். அவர்கள் இன்னும் வெல்லாத ஒன்றை வென்றதாகக் காட்டியது அந்தப் பதக்கம்.

ஒன்றை மறுக்க முடியாது. அதுவரை கனடாவில் ஓரளவே கவனிக்கப்பட்ட இளையோர் தொடர், இந்த ஆட்டத்துக்குப் பிறகு வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகியது.

சோவியத் அணி திட்டமிட்டே கனடாவின் பதக்கத்தைக் கெடுத்ததா?

அப்படி நம்புவோர் கனடாவில் இன்றும் இருக்கிறார்கள். இழக்க ஏதுமில்லாத அணி, இருக்கையை விட்டு முதலில் இறங்கியது, பிறகு நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தது என்ற மூன்றையும் வரிசையாக அடுக்கினால் ஒரு சதித்திட்டம் போலத் தோன்றுவது இயல்பே. ஆனால் இந்த வரிசை சதியை மெய்ப்பிக்கவில்லை. ஏமாற்றத்தோடும் கோபத்தோடும் ஆடிக்கொண்டிருந்த ஓர் இளைஞர், தன் தோழர்கள் அடிபடுவதைக் கண்டு களத்தில் குதித்தார் என்ற எளிய விளக்கமே எல்லாவற்றுக்கும் போதுமானது. தவிதோவுக்குப் பின்னால் இறங்கிய கனடியர்களுக்குக் காட்டும் அதே புரிந்துணர்வை அவருக்கும் காட்டத்தான் வேண்டும்.

அந்த இளைஞர்கள் பிற்காலத்தில் என்ன ஆனார்கள்?

தடை குறைக்கப்பட்டதால், ஓராண்டுக்குள் ஃப்ளூரி 1988 உலக இளையோர் தொடரில் கனடாவின் தலைவராகக் களமிறங்கினார். தொடர் நடந்த இடம் மாஸ்கோ. வெய்ட் கோலைக் காக்க, கனடா சோவியத் அணியை 3–2 என்று வென்று தங்கத்தையும் கைப்பற்றியது. கூட்டம் முழுவதும் எதிராக இருந்த அரங்கில், கைகலப்பு இல்லாமல் ஆடிப் பெற்ற தங்கம் அது. ஃப்ளூரி பின்னர் தேசிய ஹாக்கி லீக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆடி, 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியிலும் இடம்பெற்றார்.

சண்டையில் இறங்காத டர்ஜோன், 1987 கோடையில் நடந்த லீக்கின் இளம் ஆட்டக்காரர் தேர்வில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2023-இல் அவருக்கு ஹாக்கி புகழ் மண்டபத்தில் இடம் கிடைத்தது. அதே 1987 தேர்வில் இரண்டாவதாகத் தேர்வானவர், சண்டையில் இறங்கிய 17 வயது பிரெண்டன் ஷானஹான். மொகில்னி 1989-இலும் ஃபெதோரோவ் 1990-இலும் சோவியத் அணியை விட்டு வெளியேறி வட அமெரிக்காவில் ஆடத் தொடங்கினார்கள். ஷானஹான், ஃபெதோரோவ், கோன்ஸ்தாந்தினோவ் மூவரும் 1997-இல் டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியில் ஒன்றாக ஆடி, தேசிய ஹாக்கி லீக்கின் சாம்பியனுக்குரிய ஸ்டான்லி கோப்பையை வென்றார்கள். பத்தாண்டுகளுக்கு முன் எதிரெதிர் சீருடையில் அந்த இருட்டில் நின்றவர்கள் அவர்கள். கனடாவின் உதவிப் பயிற்சியாளராக இருந்த பாட் பர்ன்ஸ், லீக்கின் சிறந்த பயிற்சியாளர் விருதை மூன்று முறை பெற்றார்.

ஷானஹானின் வாழ்க்கையில் இன்னொரு திருப்பமும் உண்டு. 2011-இல் தேசிய ஹாக்கி லீக் தொடங்கிய ஆட்டக்காரர் பாதுகாப்புத் துறையின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. விதிமீறிய ஆட்டக்காரர்களுக்கு எத்தனை ஆட்டத் தடை என்று முடிவு செய்வது அவருடைய வேலையாயிற்று. ஒவ்வொரு சம்பவத்தின் ஒளிப்பதிவையும் காட்டி, எந்தச் செயலுக்காக, எந்த விதியின்படி, ஏன் இத்தனை ஆட்டங்கள் என்று பொதுமக்களுக்கே விளக்கிச் சொல்லும் முறையை அவர் நடைமுறைப்படுத்தினார். பியெஷ்தியானியில் எவருக்கும் அப்படி ஒரு விளக்கம் தரப்படவில்லை.

இருக்கையை விட்டு இறங்குவது பற்றிய விதிகள் மாறினவா?

தேசிய ஹாக்கி லீக்கில் அதே ஆண்டு மாறின. அதற்கு நேரடிக் காரணம் பியெஷ்தியானி என்று சொல்வதற்கில்லை. அந்த லீக்கிலேயே இத்தகைய கூட்டுச் சண்டைகள் நடந்துவந்தன. 1987 மே மாதம் மான்ட்ரியலும் ஃபிலடெல்ஃபியாவும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, பயிற்சி நேரத்தில் கூட்டமாக மோதிக்கொண்டது எல்லோருடைய பொறுமையையும் முடிவுக்குக் கொண்டுவந்தது. அந்தக் கோடையில் வந்த விதியின்படி, சண்டைக்காக இருக்கையை விட்டு முதலில் இறங்குபவருக்கு 10 ஆட்டத் தடை தானாகவே விதிக்கப்படும். அவருடைய பயிற்சியாளரும் தண்டனைக்கு உள்ளாவார். முதலில் இறங்கியவர் யார் என்று கேட்டு, அவருக்கே மிகுந்த சுமையை வைத்த விதி அது. அதன் விளைவு கண்கூடு: ஒவ்வொரு பருவத்திலும் நடந்துவந்த கூட்டுச் சண்டைகள் அந்த லீக்கிலிருந்து மறைந்தேவிட்டன. முதல் ஆள் எழாவிட்டால் இரண்டாவது ஆளுக்கு எழக் காரணமே இருப்பதில்லை.

பதக்கம் உறுதியான அணி, வாய்ப்பே இல்லாத அணியைக் கடைசி நாளில் சந்திக்கும் நிலை இன்றும் வரக்கூடுமா?

அதே வடிவில் வராது. 1996 முதல் உலக இளையோர் தொடரில் பிரிவு ஆட்டங்களுக்குப் பிறகு வெளியேற்றுச் சுற்றுகள் நடத்தப்படுகின்றன. கடைசி நாளில் பதக்கத்துக்காக ஆடும் இரண்டு அணிகளுக்கும் அந்தப் பதக்கத்தின் மீது ஒரே அளவு உரிமை இருக்கிறது. ஆட்டத்தைக் கெடுத்தால் இருவருமே இழப்பார்கள்.